அது தொட்டி மீன் இல்லை, தம்பி

நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள். நடுவில் கோபம் வந்தால் கடைசி வரி வரை அடக்கி வைத்துக்கொண்டு, அப்புறம் கமெண்ட்டுக்கு வாருங்கள்.

போன வாரம் நம் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. கேளம்பாக்கத்தில் ஏழாவது மாடி ஃபிளாட், வரவேற்பறையில் நாலடிக் கண்ணாடித் தொட்டி, நீல விளக்கு. உள்ளே உள்ளங்கை அகலத்தில், கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட நன்னீர்த் திருக்கைக் குட்டி ஒன்று கண்ணாடியில் ஏறி ஏறி இறங்குகிறது. "எங்க வீட்டு டான்ஸர்" என்று தலைப்பு. கீழே ஹார்ட் மழை. போட்ட பையன் நல்லவன், பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் அதே இடத்தில் இன்னும் மூன்று பேர், "மச்சி, எவ்ளோ ஆச்சு? எங்க கிடைக்கும்?" என்று விசாரித்தார்கள். அந்த மூன்று பேருக்காகத்தான் இந்தப் பதிவு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபிளாட்டில் திருக்கை வளர்க்கக் கூடாது. "பார்த்து வளர்க்கலாம்" என்ற சமாதானத்துக்கும் நான் வரமாட்டேன்.

விலங்கியல் வாத்தியாருக்குப் பாடம் எடுக்காமல் திட்ட வராது. கோவளம் கரையில் வலையில் வரும் திருக்கை நமக்குத் தெரியும். குழம்பு வைக்கிறோம், கருவாடு போடுகிறோம். தொட்டிக்கு வருவது அதன் தூரத்துச் சொந்தம். தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் பொட்டாமோட்ரைகான் என்ற பேரினம். கடலிலிருந்து ஆற்றுக்கு வந்து கோடிக்கணக்கான வருஷம் ஆகி, இனிக் கடலுக்குத் திரும்ப முடியாதபடி உடம்பே மாறிப்போன மீன். கடல் திருக்கை ரத்தத்தில் யூரியாவைத் தேக்கி உப்பைச் சமாளிக்கிறது. இவற்றுக்கு அந்தத் திறமை போய்விட்டது. வீடியோவில் பார்த்த கறுப்புத் திருக்கை, பிரேசிலின் ஷிங்கு ஆற்றுப் படுகையில் மட்டுமே இயற்கையாக வாழ்வது. முட்டை போடாது, குட்டி போடும். மணலில் புதைந்து கிடக்கும். புழுவின் உடம்பிலிருந்து வரும் மிகச் சிறிய மின்சாரத்தைக்கூடத் தோலால் உணர்ந்து இரை தேடும்.

அப்படிப்பட்ட பிராணியைக் கடையில் தட்டு அளவில் காட்டுகிறார்கள். வளர்ந்தால் முறம் அளவுக்கு வரும். தொட்டிக்கு விற்கப்படும் இனங்கள் பலவும் 40 முதல் 60 செ.மீ. அகலம் போகும், வால் தனி. நாலடித் தொட்டியின் அகலம் பெரும்பாலும் ஒன்றரை அடி, அதாவது 45 செ.மீ. முறத்தை டிபன் பாக்ஸில் வைத்து மூடிப் பாருங்கள்.

"சார், பெரிய தொட்டி வாங்கிடுவேன்" என்பான். வாங்கு. கணக்குப் போடுவோம். 8 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி தண்ணீர். 64 கன அடி, சுமார் 1,800 லிட்டர். தண்ணீர் மட்டும் 1,800 கிலோ. கண்ணாடி, ஸ்டாண்டு, மணல் சேர்த்தால் 2 டன்னைத் தாண்டும். குடியிருப்பு அறையின் தளத்துக்கு நம் நாட்டுக் கட்டட விதி வைத்திருக்கும் பயன்பாட்டுச் சுமை ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. உன் தொட்டி நிற்கும் இடத்தில் தண்ணீரே 600 கிலோ. ஆறாவது மாடிக்காரரிடம் சொல்லிவிட்டாயா?

அடுத்தது தண்ணீர். திருக்கை இறாலும் புழுவுமாகத் தின்னும், அதற்கேற்பக் கழிக்கும். கழிவு அம்மோனியா ஆகிறது. ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா அதை மாற்றித் தராவிட்டால், உடல் ஓரம் மேலே சுருண்டுகொள்ளும். அனுபவசாலிகள் அதைப் பார்த்தவுடன் கைவிட்டுவிடுவார்கள், பெரும்பாலும் மீளாது. வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினாலும் 600 லிட்டர். இது ஓ.எம்.ஆர். பகுதி, பிள்ளைகளே. லாரித் தண்ணீரில் பல்லு விளக்குகிற ஊர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கிறதா? அடுத்த முறை அப்படி ஒரு கோடை வந்தால், முதலில் தாகம் தீர்வது பாட்டிக்கா, திருக்கைக்கா?

மின்சாரமும் அப்படித்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் புறநகரில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. காற்று நின்றால் ஃபில்டர் பாக்டீரியா சில மணி நேரத்திலேயே சாக ஆரம்பிக்கும். இன்வெர்ட்டர் ஃபேனுக்கே போதவில்லை என்று அன்றைக்கு அழுதவர்கள் நீங்கள்.

இனி உங்கள் பதில்களுக்கு வருகிறேன்.

"கொட்டாது சார், நல்லா பழகிடுச்சு, கையிலயே சாப்பிடுது." வால் மேல் இருக்கும் முள்ளின் இரு ஓரமும் ரம்பம். மேலே விஷம் உள்ள தோல். உதிர்ந்தால் புது முள் வளரும். அதற்குக் கோபமும் கிடையாது, நன்றியும் கிடையாது. பயந்தால் வால் சுழலும், அவ்வளவுதான். வலையில் வந்தால் முள்ளை முதலில் ஒடித்துப் போடுவது மீனவர் வழக்கம். அவர்களுக்கு இருக்கும் மரியாதை உங்களுக்கும் இருக்கட்டும். தொட்டி துடைக்கிறேன் என்று ஐந்து வயதுப் பிள்ளை கையை விடுகிற வீடு அது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: குத்தினால் அந்த இடத்தைத் தாங்குகிற அளவு சூடான நீரில், சுமார் 45 டிகிரிக்குள், முக்கிக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம்.

"ஆத்துல பிடிச்சது இல்ல சார், பண்ணையில பொறந்தது." சரி. பண்ணையில் பிறந்ததால் அதற்கு மணல் வேண்டாமா, இடம் வேண்டாமா? கழுவச் சுலபம் என்று மணலே போடாமல் வெறும் கண்ணாடியில் விடுகிறீர்கள். புதைந்து கிடக்கப் பிறந்த உடம்புக்குப் புதையவே இடமில்லை. அந்த "டான்ஸ்" தீனி கேட்பதாக இருக்கலாம், போக்கிடம் தேடுவதாக இருக்கலாம். ஆட்டம் மட்டும் இல்லை. அடியில் சிரிக்கிற முகம் என்று ரீல்ஸ் போடுகிறீர்களே, அந்தக் "கண்கள்" மூக்குத் துளைகள். நிஜக் கண் மேலே இருக்கிறது.

சட்டமும் உண்டு. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த சைட்டீஸ் மாநாட்டில், இந்தக் கறுப்புத் திருக்கை உட்பட ஏழு நன்னீர்த் திருக்கை இனங்களை வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். அதே ஆண்டு திருத்தப்பட்ட நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தன் அட்டவணையில் உள்ள அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. விதிகள் 2024இல் வந்தன. கடைக்காரர் ரசீதும் கொடுக்காமல், பதிவைப் பற்றி வாயும் திறக்காமல் விற்றால், நாளைக்கு வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவரல்ல, நீங்கள்.

"பெருசானா பார்த்துக்கலாம் சார்." எல்லாவற்றிலும் ஆபத்தான வாக்கியம் இதுதான். பெரிதானதும் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். மிச்சம் இருப்பது தையூர் ஏரி. "உயிரைக் கொல்லக் கூடாது, ஏரியில விட்டுட்டேன்" என்று புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்வீர்கள். தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீன் இப்படித்தான் நம் நீர்நிலைகளுக்குப் போய்ப் பெருகிக் கிடக்கிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் அமேசான் அரபைமா வலையில் வந்தது. "திருக்கை இங்கே பிழைக்காது" என்பவர்கள் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே அப்பர் செலத்தார் நீர்த்தேக்கத்தில் யாரோ விட்ட அமேசான் திருக்கை குட்டி போட்டுக் குடியேறிவிட்டது. ஏரியில் இறங்கி வலை வீசுகிறவர் செருப்பில்லாமல் இறங்குகிறார். அவர் காலுக்கு யார் பொறுப்பு?

சொந்த நிலம், பெரிய குளம், ஜெனரேட்டர், பத்து வருஷப் பொறுமை எல்லாம் வைத்துக்கொண்டு ஒழுங்காக வளர்ப்பவர்கள் சிலர் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை இ.எம்.ஐ. ஃபிளாட்டோடும், ஹார்ட் வாங்குவதற்காக ஓர் உயிரை வாங்குவதோடும்தான்.

வீடியோ போட்ட தம்பி, உன்னிடம் இருப்பதை ஏரியிலும் விடாதே, சாகவும் விடாதே. குளம் வைத்திருக்கும் பொறுப்பானவரைத் தேடி, பதிவு விவரங்களைச் சரிபார்த்துக் கொடு. அதுவரை மணல் போடு, தண்ணீரைச் சோதி, பிள்ளைகளைத் தள்ளி வை.

விலை விசாரித்த மூவருக்கும்: மீன் வளர்க்கும் ஆசை நல்ல ஆசை. ஜீப்ரா டேனியோ நம் நாட்டு மீன்தான். முழுசாக வளர்ந்தாலும் 4 செ.மீ. உலகத்து ஆய்வகங்களே அதை வைத்துத்தான் பாடம் படிக்கின்றன. நாலடித் தொட்டியில் பத்துப் பதினைந்து விட்டால் நாள் முழுக்க ஓடும், கூட்டமாகத் திரும்பும். அதற்கு எவ்வளவு ஆச்சு, எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். நானே கூட வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் வாத்தியார்