முதன்மைச் சாவி யாரிடம் இருக்கிறது?

பூட்டையும் சாவியையும் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் எண்ணக்கூடும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம், நம் கல்லூரியில் அந்த இரவுக் காவலர் வேலையிழக்கும் வரை.

சேலத்திற்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளியில் அமைந்த கல்லூரி அது. பெயர் வேண்டா. சில ஆண்டுகளுக்கு முன் மூன்று தளங்களும் 64 கதவுகளும் கொண்ட புதிய கட்டடம் ஒன்று எழுந்தது. ஒவ்வோர் அறைக்கும் தனிச்சாவி. எல்லா அறைகளையும் திறக்கவல்ல, அலுவலகங்களில் மாஸ்டர் கீ என்று வழங்கும் முதன்மைச் சாவி நான்கு. கட்டடத்தை ஒப்படைத்த நாளில் அந்த நான்கும் ஒரு வெள்ளித்தட்டில் வைத்து வழங்கப்பட்டன. யார் யார் எடுத்துக்கொண்டனர் என்பதை எழுதிவைக்க எவருக்கும் தோன்றவில்லை.

ஏழாண்டுகள் சென்றன. ஒரு நாள் காலை, துறை அறை ஒன்றில் படவீழ்த்தியும் இரண்டு மடிக்கணினிகளும் காணாமற்போயிருந்தன. பூட்டு உடைபடவில்லை, கதவில் கீறல்கூட இல்லை. சாவி வைத்திருந்தவர்தாம் திறந்திருக்க வேண்டும். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஊரறிய நடந்தவர் காவலர் ஒருவரே. இரண்டே நாளில் அவர் அனுப்பப்பட்டார். விசாரணையில் அவர் சொன்னது இன்றும் நம் காதில் நிற்கிறது: "எங்கிட்ட எத்தனை சாவி இருக்குன்னு எண்ணித் தெரியுமுங்க ஐயா. மத்தவங்ககிட்ட எத்தனை இருக்குன்னு ஆருக்குங்க தெரியும்?"

அவ்வினாவுக்கு விடை பிறகு மெல்ல மெல்லக் கிடைத்தது. ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் வீட்டு மேசை இழுப்பறையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மின்பணி ஒப்பந்தக்காரரின் கொத்தில் ஒன்று இருந்தது. ஆய்வகத்தில் ஒன்று, விளையாட்டுத் துறையில் ஒன்று என எண்ணி முடித்தபோது நான்கு ஏழாகியிருந்தது. அந்த ஏழில் ஒன்று நம்முடையது. நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பிலிருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் சாவிக்காக அலைய மனமின்றி, பேருந்து நிலையத்தருகே சாவி வெட்டுபவரிடம் ஐந்து நிமிடத்தில் செய்துகொண்டது. விசாரணையின்போது அது நம் பைக்குள்தான் கிடந்தது. நாம் வாய் திறக்கவில்லை. திருடியவர் யார் என்பது இன்றுவரை தெரியாது. காவலர் இப்போது ஒரு கோழிப்பண்ணையில் வேலை செய்கிறார். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த மௌனத்தின் உறுத்தலே.

சாவி என்னும் சொல்லே வந்த சொல். போர்த்துக்கீசியரின் 'சாவே' தமிழில் சாவியாயிற்று. அலமாரியும் சன்னலும் அவர்கள் வழி வந்தவையே. நம் சொற்கள் தாழும் தாழ்க்கோலும் திறவுகோலும். தாழ்க்கோலின் மரூஉ மலையாளத்தில் தாக்கோல் என இன்றும் உயிரோடிருக்கிறது. திருமறைக்காட்டுக் கதவை நாவுக்கரசர் பாடித் திறந்தார், ஞானசம்பந்தர் பாடி அடைத்தார் என்பது பெரியபுராணச் செய்தி. திறத்தல் ஒருவரிடமும் அடைத்தல் இன்னொருவரிடமுமாக அங்கே பகுக்கப்பட்டிருப்பதை நாம் பலமுறை வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறோம். அதிகாரத்தைப் பகுக்க வேண்டும் என்னும் எண்ணம் நம் அலுவலகக் கதவுகளுக்கும் பொருந்தும் என்று அப்போது தோன்றியதில்லை.

இனிப் பூட்டின் உள்ளே பார்ப்போம். இன்று அலுவலகக் கதவுகளில் பெரும்பாலும் காணப்படுவது, 1860-களில் அமெரிக்கரான லைனஸ் யேல் செம்மைப்படுத்திய உருளைப் பூட்டு. அதன் உருளைக்குள் ஐந்து அல்லது ஆறு சிறு துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முளைகள். மேலே ஒரு சுருள்வில். உரிய சாவி நுழைந்தால் எல்லாத் துளைகளிலும் இரு முளைகளும் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்போடு ஒன்றி நிற்கும், உருளை சுழலும். ஒரு துளையில் சற்று ஏறினாலும் இறங்கினாலும் சுழலாது.

முதன்மைச் சாவிக்கு இடம்தர, இரு முளைகளுக்கும் இடையே மெல்லிய வில்லை ஒன்றை வைக்கிறார்கள். அப்போது பிரியும் இடம் ஒன்றுக்கு இரண்டாகிறது. ஒன்று அறைச்சாவிக்கு, மற்றொன்று முதன்மைச் சாவிக்கு. வசதி கூடுகிறது, கூடவே பாதுகாப்பு குறைகிறது. ஐந்து துளைகளிலும் இவ்வாறு வில்லை வைத்தால், இரண்டின் ஐந்தாம் அடுக்காகிய 32 வெவ்வேறு வெட்டுகள் கொண்ட சாவிகளுக்கு அப்பூட்டு இணங்கும். நாம் விரும்பியவை இரண்டே. மற்ற முப்பதும் அழையா விருந்தாளிகள். அடுத்த அறையின் சாவி அவற்றுள் ஒன்றாக அமைந்துவிடாதபடி அட்டவணை வகுப்பதே திட்டமிடுதலின் முதற் பணி. அமெரிக்கக் கணினி அறிஞர் மாட் பிளேஸ் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலைக்குரிய ஒன்றை ஊரறியச் செய்தது: ஓர் அறையின் சாதாரணச் சாவியும் அந்தக் கதவும் கைக்கெட்டும் ஒருவர், சில வெற்றுச் சாவிகளைக் கொண்டே முதன்மைச் சாவியின் வடிவத்தைக் கண்டுகொள்ளலாம். பூட்டுத் தொழிலாளர் நெடுங்காலமாக அறிந்திருந்த கமுக்கம் அது.

சாவியின் தோற்றமேகூட ஒரு கமுக்கம்தான். விமானப் பயணிகளின் பெட்டிகளைத் திறந்து சோதிக்க அமெரிக்க அதிகாரிகள் வைத்திருக்கும் பொதுச் சாவிகளின் ஒளிப்படம் 2014-இல் ஒரு நாளிதழ்ச் செய்தியோடு வெளியானது. அடுத்த ஆண்டே அப்படத்தைக் கொண்டு வரையப்பட்ட வடிவங்கள் இணையத்தில் பரவி, முப்பரிமாண அச்சில் சாவிகளாக வெளிவந்தன. நம் அலுவலகங்களிலோ சாவிக்கொத்து மேசைமேல் கிடக்கிறது. எல்லார் கையிலும் ஒளிப்படக் கருவி உள்ள கைப்பேசி இருக்கிறது.

இவ்வளவும் சொல்வதால் முதன்மைச் சாவியே வேண்டா என்பது நம் கட்சியன்று. தீ, மின்கசிவு, ஓர் அறைக்குள் ஒருவர் மயங்கி விழுதல் ஆகிய வேளைகளில் 64 சாவிகளில் உரியதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அது பதவியின் அடையாளமாக ஆகிவிடக் கூடாது என்பதே நம் வாதம். நம் கட்டடத்தில் நடந்த தவறு பூட்டில் இல்லை. 'பெரியவர்களுக்குப் பெரிய சாவி' என்னும் நினைப்பில் இருந்தது. முதல்வருக்கு எல்லா அறைகளையும் திறக்கும் உரிமை இருக்கலாம். அவ்வுரிமைக்காக அச்சாவியை அவர் வீட்டுக்குக் கொண்டுசெல்லத் தேவையில்லை. நாள்தோறும் நாற்பது கதவுகளைத் திறப்பவர் துப்புரவுப் பணியாளர். திட்டம் அவருடைய வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

இதில் நமக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. நம் மாவட்டக் கருவூலங்களில் இரட்டைப் பூட்டு முறை தலைமுறைகளாக இருந்துவருகிறது. இரு சாவிகளும் இரு வேறு அலுவலரிடம் இருக்கும், ஒருவர் தனியே திறக்க இயலாது. வங்கிப் பெட்டகங்களைப் பற்றி 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையடுத்து, அவ்வாண்டு ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. அலுவலகம் நடத்துவோர் அனைவரும் அவற்றைப் படிக்கலாம். காலியாக உள்ள பெட்டகங்களின் சாவிகள் முத்திரையிட்ட உறைகளில் இருத்தல் வேண்டும். முதன்மைச் சாவியின் மறுபடி வேறொரு கிளையில் வைக்கப்பட வேண்டும். கூட்டுப்பொறுப்புக்குப் பதிவேடு வேண்டும். அச்சாவிகளோடு தொடர்பில்லாத அலுவலர் ஒருவர் முன்னறிவிப்பின்றி வந்து சரிபார்க்க வேண்டும். நம் கட்டடத்தில் இந்த நான்கில் ஒன்றேனும் இருந்திருந்தால் ஏழு சாவிகள் பெருகியிரா.

பதிவேடு இல்லாதபோது என்னவாகும் என்பதற்குப் பூரி செகந்நாதர் கோயில் சான்று. அங்குள்ள கருவூலத்தின் உள்ளறைச் சாவிகள் காணவில்லை என்பது 2018-இல் தெரியவந்து மாநிலமே கொந்தளித்தது. மறுபடிச் சாவிகள் கிடைத்ததாகப் பின்னர்க் கூறப்பட்டது. 2024 ஜூலை 14 அன்று திறக்கச் சென்றபோது கைவசமிருந்த சாவிகள் பயன்படவில்லை. உள்ளறைப் பூட்டுகளை உடைத்துத்தான் நுழைந்தார்கள்.

திருட்டுக்குப் பின் நம் கல்லூரியில் சாவிக்குழு ஒன்று அமைந்தது. நாமும் அதில் ஓர் உறுப்பினரானோம். அதில் கற்றவற்றைச் சுருங்கச் சொல்வோம்.

முதலில் பூட்டு வாங்கக் கூடாது; ஒரு பெரிய தாளில் கட்டம் போட வேண்டும். இடப்பக்கம் கதவுகள், மேலே ஆட்கள். யாருக்கு எந்தக் கதவு, எந்த நேரத்தில் என்று நிரப்பினால், பதவி வரிசையும் தேவை வரிசையும் வேறுவேறு என்பது கண்கூடாகத் தெரியும். அதன்பின் அறைச்சாவி, தளச்சாவி, கட்டடச்சாவி என மூன்று படிகள் போதும். படிகள் கூடக் கூட வில்லைகளும் கூடும்; அழையா விருந்தாளிகளும் கூடுவர்.

இரண்டாவது, முதன்மைச் சாவிக்கு அடங்காத கதவுகளும் இருக்க வேண்டும். தேர்வு ஆவண அறை, கணக்குப் பிரிவின் பணப்பெட்டி அறை, வேதியியல் ஆய்வகத்தின் நச்சுப்பொருள் அறை ஆகியவை அத்தகையன. அவற்றுக்குத் தனிப்பூட்டு, இருவர் கையொப்பம், முத்திரையிட்ட உறையில் மறுபடி.

மூன்றாவது, வளர்ச்சிக்கு இடம். ஒவ்வொரு துளையிலும் நான்கு மாற்று வெட்டுகள் கிடைக்குமானால், ஐந்து துளைகளில் 1,024 அறைச்சாவிகள் வகுக்கலாம். ஆனால் ஒரு துளையைத் தளங்களைப் பிரிக்க ஒதுக்கினால் தளத்துக்கு 256 மட்டுமே மிஞ்சும். அவற்றிலும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவற்றைக் கழிக்க வேண்டும். நாளை எழும் நான்காம் தளத்துக்கு இன்றே அட்டவணையில் இடம் விடாவிட்டால் நாளை எல்லாவற்றையும் மாற்ற நேரும்.

நான்காவது, சாவியில் அறையெண்ணைப் பொறிக்கக் கூடாது. பதிவேட்டோடு ஒப்பிட்டால் மட்டுமே பொருள்படும் குறியீட்டைப் பொறிக்க வேண்டும். 'படியெடுக்காதீர்' என்று பொறிப்பதால் பயனில்லை; சாவி வெட்டும் எளிய மனிதர் மீது அப்பொறுப்பைச் சுமத்துவதும் அறமன்று. வெற்றுச் சாவி வெளிச்சந்தையில் கிடைக்காத வகைப் பூட்டைத் தேர்ந்து, நிறுவனத்தின் கையொப்பக் கடிதம் கண்டே படி தரும் உற்பத்தியாளரை நாடுதலே வழி.

ஐந்தாவது, தொலைந்தால் மாற்றுதல். முதன்மைச் சாவி ஒன்று தொலைந்தால் 64 உருளைகளுமே தொலைந்ததற்குச் சமம். அச்செலவை முன்பே கணக்கிட்டு, சாவி பெறுபவர் கையொப்பமிடும் தாளிலேயே எழுதிவைத்தோம். அன்றிலிருந்து முதன்மைச் சாவி கேட்போர் தொகை குறைந்தது. பணிமாறுதலும் ஓய்வும் பெறுவோரின் நிலுவையின்மைச் சான்றில் நூலகப் புத்தகத்துக்கு அடுத்த வரியாகச் சாவியும் ஏறியது.

பராமரிப்பிலும் ஒரு சொல். பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வழக்கம். எண்ணெயோ, நம் சமவெளியின் கோடைப் புழுதியைத் துளைக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். உருளைப் பூட்டுக்கு உலர்ந்த கிராஃபைட் தூளே ஏற்றது. மேலும், எந்தத் திட்டமாயினும் அவசரவழிக் கதவுகள் உள்ளிருந்து சாவியின்றித் திறக்க வேண்டும். 1997 ஜூன் 13 அன்று தில்லி உபகார் திரையரங்கில் 59 உயிர்கள் மாண்டமைக்கு வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்ததும் ஒரு காரணம். பொருளைக் காக்கும் பூட்டு ஆளைக் கொல்லலாகாது.

மின்னட்டை வந்துவிட்டதே, இனிச் சாவி எதற்கு என்பார் உளர். தொலைந்த அட்டையை நொடியில் செல்லாததாக்கலாம் என்பது மெய். ஆனால் அதைச் செல்லாததாக்க வேண்டும் என்று யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் திறக்க அங்கும் ஒரு சாவி எங்கோ இருக்கிறது. கருவி மாறினாலும் பதிவேடு மாறாது.

கரூரைக் கடந்து தெற்கே சென்றால் திண்டுக்கல். கையால் செய்யப்படும் அவ்வூர்ப் பூட்டுக்கு 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி, வேறெதுவும் சேராது என்பது அப்பூட்டின் பெருமை. யாரிடம் சாவி இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று அத்தகைய பூட்டை வைத்துச் சொல்லலாம். முதன்மைச் சாவி வந்த கட்டடத்தில் அவ்வாறு சொல்ல முடியாது. ஏழு பேரிடம் சாவி இருக்கையில் ஒருவர் இடுப்பில் மட்டும் அது கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்தவர் தண்டனை பெற்றார். பதிவேடு பொருளைக் காப்பதற்கு மட்டுமன்று. எளியவர் மீது பழி விழாமல் காப்பதற்கும்தான்.

நம்மிடமிருந்த ஏழாவது சாவியைக் குழுவின் முதற் கூட்டத்திலேயே மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னோம். யாரும் கடிந்துகொள்ளவில்லை, அதுவே கூசச் செய்தது. காவலரை மீண்டும் அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். கடிதம் இன்னும் கோப்பில் இருக்கிறது. பண்ணைக்குச் சென்று அவரிடமும் உண்மையைச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், "அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே ஐயா" என்றார்.

சொல்லியிருக்கலாம். வாசகர்களும் தத்தம் அலுவலகத்தில், தத்தம் பைக்குள் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.