இளைப்பாறிய நாளுக்கு மறுநாள்

பிரியாவிடைக் கூட்டம் ஒன்றுக்கேனும் போகாத ஆசிரியரோ எழுதுவினைஞரோ நம் நாட்டில் இருக்கமாட்டார். மலர்மாலை சூட்டுவோம், வாழ்த்துமடல் வாசிப்போம், வடையும் தேநீரும் வழங்குவோம், இறுதியாக ஒரு சுவர் மணிக்கூட்டைப் பரிசளித்து அனுப்பிவைப்போம். நாளை முதல் நேரம் பார்த்து எழவேண்டிய தேவையே இல்லாத ஒருவருக்கு நாம் தேர்ந்தெடுக்கும் பரிசு மணிக்கூடு! இதன் பொருத்தமின்மை பல்லாண்டுகளாக எமக்கும் தோன்றியதில்லை. கிரானில் எமது வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி வாழும் ஒரு பெரியவர் அந்த மணிக்கூட்டைச் சுட்டிக்காட்டிக் கேட்ட கேள்விதான் இவ்வாரம் இதனை எழுதத் தூண்டியது.

அவர் அரச அலுவலகமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதியவர். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரச ஊழியர் 65 வயது வரை பணியாற்றலாம் என்ற ஏற்பாடு வந்தபோது, இன்னும் மூன்று ஆண்டு உண்டு என்று மனத்துள் கணக்கிட்டு வைத்திருந்தார். அவ்வாண்டு முடியுமுன்பே கட்டாய ஓய்வு வயது மீண்டும் 60 ஆக்கப்பட்டது. அறுபதைக் கடந்தோர் நாடெங்கும் டிசெம்பர் 31ஆம் நாள் ஒரே வேளையில் நாற்காலியை விட்டெழுந்தனர். அவர்களுள் அவரும் ஒருவர்.

புத்தாண்டு பிறந்து இரண்டாம் நாள் காலை அவர் எம் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். சலவை செய்த சட்டை, சட்டைப்பையில் பேனை.

"தம்பி, ஏழு மணிக்கெல்லாம் உடுத்து ஆயத்தமாகிவிட்டேன். அதற்குப் பிறகுதான் போவதற்கு இடமில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவர்கள் தந்த மணிக்கூடு சுவரில் ஓடிக்கொண்டிருக்கிறது. யாருக்காக ஓடுகிறது?" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனினும் கண்களில் சிரிப்பு இல்லை.

அந்த ஆண்டின் நிலையை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2022 செப்டெம்பரில் பண்டங்களின் விலை முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 70 வீதம் உயர்ந்திருந்தது. இளைப்பாற்றுச் சம்பளமோ விலையோடு போட்டியிட்டு ஓடக்கூடியதன்று. தனியார் துறையில் உழைத்தோருக்கு அதுவும் இல்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமுமாகச் செலுத்திய தொகை ஒருமுறை கைக்கு வரும். அத்துடன் கணக்கு முடிந்தது. ஆகவே, "இனி ஏதேனும் ஒரு தொழில் செய்தாலென்ன?" என்ற எண்ணம் இளைப்பாறுவோர் மனத்தில் எழுவது பேராசையன்று, பெரும்பாலும் தேவையே.

பெரியவரின் உள்ளத்திலும் ஒரு திட்டம் உருவாகியிருந்தது. பணிக்கொடை கைக்கு வந்ததும், வீட்டு உறுதியை ஈடுவைத்து வங்கிக் கடனும் பெற்று, திருகோணமலை வீதியோரம் கட்டடப் பொருள் விற்கும் பெரிய கடையொன்றைத் திறப்பது! சீமெந்துக்கும் இரும்புக் கம்பிக்கும் என்றும் கிராக்கி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவரது துணைவியார் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எம்மைப் பார்த்த பார்வையில், "தம்பி, நீங்களாவது சொல்லுங்கள்" என்ற வேண்டுகோள் இருந்தது.

நாம் உடனே விடை கூறவில்லை. எமது வீட்டு அலுமாரியில் உள்ள ஒரு கொப்பியைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தோம். அது எமது தந்தையாரின் கடன் கொப்பி. அவரும் ஆசிரியராக இருந்து இளைப்பாறியவர். கிடைத்த பணத்தையெல்லாம் இட்டு ஒரு பலசரக்குக் கடை வைத்தார். வாங்க வந்தவர்களுட் பாதிப்பேர் அவரிடம் எழுத்தறிந்தவர்கள். "சேர், நெல் வெட்டினதும் தருகிறேன்" என்று சொன்னவனிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு நாவெழவில்லை. இரண்டு மாரிக்குள் தட்டுகள் வெறுமையாயின. கொப்பி மட்டும் நிறைந்தது. கடை மூடியது பற்றி அவர் யாரையும் குறை கூறவில்லை. ஆனால் அதன் பின்னர் பிரதான வீதியால் நடந்து கோயிலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டு, பின்தெருவால் போகத் தொடங்கினார். கடன்பட்டவர்கள் தம்மைக் கண்டு வெட்கப்படக்கூடாதாம்! அக்கொப்பியை எரிக்கவும் எமக்கு மனமில்லை. விரித்துப் பார்க்கவும் மனமில்லை. அன்று விரித்தோம்.

பெரியவர் கணக்கர் அல்லவா? பக்கங்களைப் புரட்டினார், விரலால் வரிகளைத் தொட்டுக் கூட்டினார். நெடுநேரங் கழித்து, "உங்கள் அப்பாவுக்குத் தெரிந்தது படிப்பித்தல். விற்பது அவருக்குத் தெரியாது," என்றார். பிறகு தமக்குத் தாமே பேசுபவர்போல, "சீமெந்தைப் பற்றி எனக்கென்ன தெரியும்?" என்றார்.

வழி அந்த வினாவிலிருந்துதான் திறந்தது. இளைப்பாறியவர் தொழில் தொடங்கலாமா என்பதைவிட, அவருடைய கையும் மனமும் முன்னரே எதனை அறிந்துள்ளன என்பதே முதலில் கேட்கத்தக்கது.

நம்மவருள் இதற்கு ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களைப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவராக மாணவர்கள் அறிவார்கள். அவர் சென்னை அரசாங்கத்தின் கணக்குத் துறையில் உயர் பதவி வகித்து 1882இல், ஐம்பதாம் வயதில், இளைப்பாறியவர் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதன் பின் கும்பகோணத்தில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். அந்த ஆண்டுகளிலேதான் தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும், சூளாமணி 1889இலும் அவர் கையால் அச்சேறின. தொட்ட இடமெல்லாம் நொறுங்கும் ஏடுகளை அவர் காப்பாற்றிய கதை தமிழுலகம் அறிந்தது.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அவர் சட்டத் தேர்வில் தேறியது 1871இல். அதாவது இளைப்பாறுவதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர். சேனாவரையர் உரையோடு தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைப் பதிப்பித்தது அதற்கும் முன்னர், 1868இல். பதவியில் இருக்கும்போதே இரண்டு விதைகளையும் ஊன்றிவிட்டார். இளைப்பாறிய பின்பு நீர் வார்ப்பதே எஞ்சியிருந்தது.

உ. வே. சாமிநாதையர் அவர்களும் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து 1919இல் ஓய்வுபெற்ற பின்பு சும்மா இருந்தாரல்லர். பெருங்கதை 1924இல் வந்தது. குறுந்தொகை 1937இல், அவருடைய எண்பத்திரண்டாம் வயதில் வந்தது. அதன் பின்னரே தம் வாழ்க்கை வரலாற்றை வாரந்தோறும் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார்.

இவர்கள் பேரறிஞர்கள், நாம் எங்கே என்று சிலர் எண்ணக்கூடும். அறிஞர் அல்லாத ஒருவரையும் காண்போம். அமெரிக்காவில் 1890இல் பிறந்த ஹார்லண்ட் சாண்டர்ஸ் என்பவர், கென்டக்கி மாநிலத்துக் கோர்பின் என்னும் ஊரில் வீதியோர உணவகம் நடத்தி, பொரித்த கோழிக்குப் பெயர்பெற்றிருந்தார். புதிய நெடுஞ்சாலை ஊரை விலக்கிச் செல்லவிருந்ததால் வியாபாரம் விழுந்தது. 1956இல் கடையை விற்றுக் கடனைத் தீர்த்தபோது அவருக்கு வயது அறுபத்தாறை எட்டியிருந்தது. மாதம் நூற்றைந்து டொலர் முதுமை உதவிப் பணமே மிச்சம். அவர் இன்னொரு கடை திறக்கவில்லை. தம் பக்குவத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊரூராகச் சென்று, பிற உணவகத்தாருக்குச் சமைத்துக் காட்டி, விற்கும் கோழி ஒவ்வொன்றுக்கும் சில சதம் தருமாறு உடன்படிக்கை செய்தார். 1964இல் அத்தொழிலை இருபது இலட்சம் டொலருக்கு விற்றார். இத்தொகை எல்லார்க்கும் கிட்டுவதன்று. ஆனால் அவர் புதிதாகக் கற்றது விற்கும் முறையை மட்டுமே, சமையலை அல்ல. அதுவே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

இனிக் கிரானுக்குத் திரும்புவோம். பெரியவருக்குக் கணக்குத் தெரியும். அவர் துணைவியாருக்குத் தயிர் உறையவைக்கத் தெரியும். அது தாய்வழி வந்த கைப்பக்குவம். எமது பகுதியோ பட்டிகளும் மேய்ச்சல் தரைகளும் நிறைந்த நாடு. எருமைப்பாலில் ஏறக்குறைய ஏழு வீதம் கொழுப்பு உண்டு. பசுப்பாலில் நான்கு வீதமளவே. பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, அளவாக உறையிட்டு மண்சட்டியில் வார்த்தால், சட்டியின் நுண்துளைகள் நீரை உறிஞ்சிக்கொள்ளத் தயிர் கட்டியாகும். கவிழ்த்தாலும் விழாத தயிர் என்று மட்டக்களப்பார் பெருமை பேசுவது இதனாலேயே.

கட்டடப் பொருட் கடை என்ற பேச்சு அத்துடன் நின்றது. பத்துச் சட்டியுடன் தொடங்கினார்கள். பணிக்கொடையிலிருந்து ஒரு சிறு பங்கை எடுத்து அடுப்பும் பாத்திரமும் வாங்கினார்கள், எஞ்சியதை வைப்பிலிட்டார்கள். வீட்டு உறுதி பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவுசெய்தார். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைத் தாமே அழைத்து இடத்தைக் காட்டினார். ஒவ்வொரு நாளும் எத்தனை லீற்றர் பால், எத்தனை சட்டி, எத்தனை விற்றது, எத்தனை திரும்பியது என்று எழுதினார். அவருடைய பேரேட்டில் 'கடன்' என்ற தலைப்பே இல்லை.

இடர் வரவில்லை என்று கூறின் அது பொய்யாகும். மாரியில் வாவி பெருகிப் புலிபாய்ந்தகல் வீதி நீரில் மூழ்கினால் அக்கரையிலிருந்து பால் வருவது தோணியை நம்பியே. முதல் மாரியில் மூன்று நாள் அடுப்பு மூட்டப்படவில்லை. நான்காம் நாள் தாமதித்து வந்த பால் திரிந்து அவ்வளவும் கொட்டப்பட்டது. மேய்ச்சல் தரைக் கவலை வேறு. மயிலத்தமடு, மாதவணைத் தரைகளுக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் அறவழிப் போராட்டம் தொடங்கியபோது, பால் தருவோர் முகத்தில் இருந்த கலக்கம் அவர் முகத்திலும் தெரிந்தது. மாடு மேய இடமில்லையேல் தயிருக்கு வழியேது? ஆயினும் இழந்தது தாங்கக்கூடிய அளவே என்பதனால் அவர் மறுவாரம் மீண்டும் அடுப்பு மூட்டினார். சீமெந்துக் கடையில் அதே இடர் நேர்ந்திருந்தால் வீடே போயிருக்கும்.

எம்மைக் கவர்ந்தது அவர் ஈட்டிய பணமன்று, அது பெருந்தொகையுமன்று. பொலன்னறுவைப் பக்கமிருந்து வரும் வியாபாரிகளோடு கதைப்பதற்குச் சிங்களம் வேண்டியிருந்தது. அறுபத்து மூன்று வயதில், பேத்தியின் கொப்பியை இரவல் வாங்கி, 'அயன்ன' என்ற முதலெழுத்திலிருந்து எழுதத் தொடங்கினார். பேத்தி பிழை திருத்திச் சிவப்பு மையால் புள்ளியிடுவாள். "பத்துக்கு ஆறு தந்திருக்கிறாள், தம்பி. கண்டிப்பான வாத்தியார்!" என்று அவர் எம்மிடம் காட்டியபோது கண்களிலும் சிரிப்பு இருந்தது. சுவர் மணிக்கூடு இப்பொழுது பால் காய்ச்சும் கொட்டிலில் தொங்குகிறது. உறையிட்ட வேளையை அதைப் பார்த்துத்தான் குறிக்கிறார்கள்.

இளைப்பாறும் காலத்தை எதிர்நோக்கும் நேயர்களுக்கு இக்கதையிலிருந்து மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம். விதைநெல்லை முழுவதும் ஒரே வயலில் விதைக்கலாகாது. பணிக்கொடையில் இழந்தாலும் உறங்கக்கூடிய பங்கு எதுவோ அதையே தொழிலில் இடுக. கணவன் மட்டும் எண்ணித் துணிவது துணிவாகாது. வீட்டில் உள்ளவரின் கைத்திறனும் அச்சமும் கணக்கிற் சேர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கற்பதை இளைப்பாறிய பின் தொடங்கலாம் என்று ஒத்திவைத்தல் ஆகாது.

இம்மூன்றாவதை எழுதும்போது எமக்கே சற்று நாணமாக உள்ளது. நாற்பதைக் கடந்த நாம், பாடப்புத்தகத்துக்கு வெளியே புதிதாக ஒன்றைக் கற்று எத்தனை ஆண்டுகள் ஆயின? சென்ற கிழமை பெரியவரிடம் போய், தயிர்க் கணக்கை அவர் எழுதும் முறையைக் கற்றுத் தருமாறு கேட்டோம். "நாளை ஐந்து மணிக்கு வாருங்கள், பிந்தக்கூடாது," என்றார்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டிலும் இளைப்பாறிய பாட்டனாரோ பாட்டியாரோ இருப்பர். இன்று மாலை அவர்களருகே அமர்ந்து, அவர்களுக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டறியுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒன்றை அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். புள்ளியிடும்போது மட்டும் சற்றே தாராளமாக இருங்கள்.