வரைந்த கைக்கும் மரியாதை வேண்டும்

வெள்ளிச் சாமான்களுக்கு டிசைன் வரைவது என் தொழில். அதனால் பரோக் காலத்து ஐரோப்பியக் கிண்ணங்களின் வரைபடம் கண்ணில் பட்டால் லேசில் நகர மாட்டேன். கரிக்கோட்டில் மெலிதாக அளவு பிடித்து, இறகுப் பேனாவால் பழுப்பு மையில் கோடிழுத்து, நீர்த்த மையைத் தூரிகையால் தடவி வயிற்றின் வளைவை எழுப்பியிருப்பார்கள். சில தாள்களில் இடப்பக்கக் கைப்பிடி ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி இருக்கும். பிடித்ததை வாடிக்கையாளர் தேர்ந்துகொள்ளலாம். வெள்ளியில் கை வைக்கும் முன்பே வேலையில் பாதி அந்தத் தாளில் முடிந்துவிடுகிறது.

ஆனால் அருங்காட்சியகங்களில் கிண்ணத்துக்குக் கண்ணாடிப் பேழை, வரைபடத்துக்கு இருட்டுப் பெட்டி. இது நியாயமில்லை.

வெள்ளியும் தங்கமும் எந்த நேரமும் காசாகிவிடக்கூடியவை. இங்கிலாந்தின் ஜேன் சீமோர் அரசிக்காக ஓவியர் ஹோல்பைன் வடிவமைத்த தங்கக் கிண்ணத்தை 1629இல் மன்னர் முதலாம் சார்லஸ் விற்றார், அது உருக்கப்பட்டது. 1689இல் போர்ச் செலவுக்காகப் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி வெர்சாய் அரண்மனையின் வெள்ளிச் சாமான்களை, ஏறக்குறைய 20 டன், உருக்கச் சொன்னார். ஹோல்பைனின் கிண்ணம் எப்படி இருந்தது என்று இன்று நமக்குத் தெரிவது, ஆக்ஸ்ஃபோர்டிலும் லண்டனிலும் அதன் வரைபடங்கள் பிழைத்திருப்பதால்தான். ரோமில் போப்பின் வெள்ளி வேலைகளைச் செய்த ஜியோவானி ஜியார்தினி, 1714இல் தன் டிசைன்களை 100 செப்புத்தகட்டுப் படங்களாக வெளியிட்டார். தாளின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது.

வெளிச்சம் பட்டால் மை வெளுக்கும், தாள் பழுக்கும் என்று காப்பாளர்கள் சொல்வது உண்மைதான். அதற்காக நிரந்தரமாகப் பூட்டி வைக்க வேண்டுமா? மங்கிய விளக்கில் சில மாதம் வைத்துவிட்டு, அடுத்த தாளை மாற்றலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் லட்சக்கணக்கான படங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. மற்றவர்களும் அப்படிச் செய்யலாம்.

பாத்திரத்தின் பக்கத்திலேயே அதே காலத்து வரைபடத்தையும் வையுங்கள். அடித்தவர் பெயரோடு வரைந்தவர் பெயரையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் 'பெயர் தெரியாத வரைஞர்' என்றாவது இருக்கட்டும். அந்த வளைவை முதலில் யோசித்தது ஒரு மனிதர் என்பது பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.