பூனையும் தோல்வாரும்

ஸதர்லாந்து என்ற பெயருடைய குடும்பங்கள் கனடாவில் அநேகம். அவற்றுள் ஒன்றைச் சேர்ந்தவர், தம் வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்குக் குலச் சின்னம் செதுக்கிய மரப்பலகை ஒன்று செய்ய ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில், 'இதுதான் உங்கள் குடும்பச் சின்னம்' என்று கேடயப் படம் விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அந்நாட்டுச் சட்டப்படி குடும்பச் சின்னம் என்று ஒரு வஸ்துவே கிடையாது! கேடயச் சின்னம் தனி மனிதர் ஒருவரின் சொத்து. அவருக்குப் பின் அவருடைய வாரிசைச் சேரும். பெயர் ஒன்றாயிருப்பதனால் மட்டும் மற்றவர்களுக்கு உரிமை வந்துவிடாது.

இதைக் கவனிப்பதற்கென்றே எடின்பரோவில் லார்ட் லயன் என்ற அதிகாரி இருக்கிறார். வெறும் அலங்கார உத்தியோகம் என்று எண்ண வேண்டாம். அவருடையது ஒரு நியாயஸ்தலம். வழக்குத் தொடுக்கத் தனி வக்கீலும் உண்டு. 1672-ஆம் வருஷத்துச் சட்டம் சின்னங்களுக்கென ஒரு பொதுப் பதிவேட்டை ஏற்படுத்தியது. உரிமையின்றிச் சின்னம் தரிப்பவனுக்கு 100 பவுன் அபராதமும், சின்னம் பொறித்த பொருளைப் பறிமுதல் செய்வதும் தண்டனை என்றது.

அப்படியானால் நம் ஸதர்லாந்துக்காரர் என்ன செய்வது? ஒரு வழி இருக்கிறது. தலைக்கவசத்தின் உச்சியில் நிற்கும் உருவத்துக்கே 'கிரெஸ்ட்' என்று பெயர். கேடயம் வேறு, இது வேறு. குலத் தலைவருடைய அந்த உருவத்தைச் சுற்றிப் பக்கிள் மாட்டிய தோல்வார் ஒன்றை வளைத்து, வாரின் மேல் தலைவரின் வாசகத்தைப் பொறித்துக் குலத்தார் அணியலாம். ஸதர்லாந்து குலத்தின் உருவம் காட்டுப்பூனை. வாசகம் 'சான் பெர்'. பிரெஞ்சு மொழியில் 'அச்சமின்றி' என்று பொருள். தோல்வாருக்கு அர்த்தம் என்னவென்றால், 'நான் இந்தத் தலைவரைச் சேர்ந்த ஆள்' என்பதுதான்.

இங்கேதான் நமக்குச் சற்று உறுத்துகிறது. 19-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அக்குலத்தின் தலைவியாயிருந்தவர் எலிஸபெத் சீமாட்டி. அவருடைய காரியஸ்தர்கள் ஆட்டுப் பண்ணைகள் அமைப்பதற்காகப் பள்ளத்தாக்குகளிலிருந்து குடிகளை வெளியேற்றினார்கள். கில்டோனன் குடிகளில் ஒரு கூட்டத்தார் 1813-இல் கப்பலேறிக் கனடாவின் செந்நதிக் கரைக்குப் போனார்கள். ஸ்ட்ராத்நேவரில் வீடுகளுக்குத் தீ வைத்ததாகப் பாட்ரிக் ஸெல்லர் என்ற காரியஸ்தர் மீது 1816-இல் இன்வர்னஸ் நகரில் வழக்கு நடந்தது. ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டார்கள். துரத்தப்பட்டவர்களின் சந்ததியார் இன்று அதே சீமாட்டியின் பூனையைத் தேடிப் பிடித்துச் சுவரில் மாட்டுகிறார்கள்! 'அச்சமின்றி' என்ற வாசகம், ஊரையிழந்து கடல் கடந்தவர்களுக்கே அதிகம் பொருந்தும் என்பது நம் அபிப்பிராயம்.

செதுக்குகிறவர் கடைப் படத்தைப் பார்த்துப் பிரதி செய்ய வேண்டியதில்லை. சட்டத்தின் கண்ணில் செல்லுபடியாவது சொற்களாலான வர்ணனைதான். அதற்கு மாறாத வரையில் மீசையும் வாலும் சிற்பியின் இஷ்டம். ஆனால் வலம் என்றால் சின்னத்தைத் தாங்குகிறவனுடைய வலம். ஆகையால் பார்ப்பவருடைய இடப்பக்கம் நோக்கியே பூனை இருக்க வேண்டும். வாரை விட்டுப் பூனையை மட்டும் செதுக்கினால், தலைவரின் சொத்தைத் தமது என்று சொன்னதாக ஆகும். வாரும் வேண்டாம், பூனையும் வேண்டாம் என்கிறவர்கள் கில்டோனன் என்ற பெயரை மட்டும் அழகாகச் செதுக்கிக்கொள்ளலாம். அதற்கு லார்ட் லயனைக் கேட்க வேண்டியதில்லை.