“வீட்டுக்குப் போகலாம்” – பிறகு?

மில்லில் ரிங் பிரேமில் நின்றுகொண்டிருந்த தோழருக்குத் திடீரென்று வாய் கோணுகிறது. வலது கையும் வலது காலும் விழுந்துவிடுகின்றன. தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிறார்கள், ஊசி போடுகிறார்கள், உயிர் தங்குகிறது. பத்தாம் நாள், “இனி வீட்டுக்குப் போகலாம், தினமும் பிசியோதெரபி செய்யுங்கள்” என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள்.

யார் செய்வது? யார் பணத்தில் செய்வது? சீட்டில் பதில் இல்லை.

இதைத் தலையெழுத்து என்று ஒதுக்கிவிட நாம் தயாராக இல்லை. உழைப்பாளிக்கு நிலமில்லை, பாங்கியில் பணமில்லை. இரண்டு கையும் இரண்டு காலும்தான் அவன் சொத்து. பறிபோன அந்தச் சொத்தை மீட்டுத் தருவதுதான் மறுவாழ்வுச் சிகிச்சை. அது வைத்தியத்தின் சரிபாதி. அதைப் போனால் போகிறது என்று போடும் தர்மமாக நடத்துகிறார்கள்.

பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி செத்துவிடுகிறது. மீதிப் பகுதிக்கு விடாமல் பயிற்சி கொடுத்தால், இழந்த வேலையில் ஒரு பங்கை அது கற்றுக்கொள்கிறது. முதல் சில மாதங்களில்தான் அதிகமாகக் கற்றுக்கொள்ளும். அந்த மாதங்களில் கையை நீட்டி மடக்கப் பழக்க ஆளில்லாவிட்டால் விரல்கள் சுருண்டு இறுகிவிடுகின்றன, தோள் பிடித்துக்கொள்கிறது. தென்னையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்தால் மரணம். மரத்திலிருந்து விழுந்தும் பிழைத்த மனிதர், வீட்டுப் பாயில் கிடந்து சாகிறார்!

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸை நம் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1954இல் கார் விபத்தில் அவருக்கு முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனது. ஆனால் அவர் முடங்கிவிடவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்தார். 1966இல் வேலூரில் அதற்கென்றே ஒரு நிலையம் எழக் காரணமானார். அவருடைய மனவுறுதிக்கு நம் வணக்கம். ஆனால் மனவுறுதி மட்டும் போதாது. முறையான பயிற்சியும் அவருக்குக் கிடைத்தது. தென்னை ஏறும் தொழிலாளிக்கு அதே முறிவுதான் வருகிறது. பயிற்சிதான் வருவதில்லை.

மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அது எவரும் போட்ட பிச்சையல்ல. 1955இல் கோவைக்கு வந்த அந்தத் திட்டத்தில் நம் கூலியில் பிடித்த காசும் சேர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் விழுந்துபோன தொழிலாளிக்குக் கூலியில் 80 சதவீதம், இரண்டாண்டு வரைகூடக் கிடைக்க அதில் வழியுண்டு. ஆனால் அதற்கு இரண்டு வருடம் தொடர்ந்து வேலை பார்த்ததாகக் காட்ட வேண்டும். வருடத்துக்கொரு காண்ட்ராக்டர் பெயரில் ஆள் கணக்கு எழுதும் மில்லில் எதைக் காட்டுவது? நாற்று நடும் விவசாயத் தொழிலாளிக்கோ அந்த வழியும் கிடையாது.

மாநில சர்க்கார் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மாத்திரையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும் என்றார்கள். 2024இல் ஐ.நா. விருதும் வந்தது. நல்ல திட்டம், இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் கிராமப்புறத்தில் வட்டாரத்துக்கு ஒரு இயன்முறை மருத்துவர் என்றல்லவா ஏற்பாடு! ஒரு வட்டாரத்தில் நூறு பேர்தான் படுக்கையில் என்று வைத்துக்கொள்வோம். ஊர் ஊராகப் போய் நாளைக்கு ஐந்து வீடு பார்த்தால், ஒருவர் முறை மறுபடி வர இருபது வேலைநாள் ஆகும். தினமும் தேவைப்படும் பயிற்சி மாதம் ஒருமுறை! அந்த மருத்துவர்மேல் நமக்குக் கோபமில்லை, அவரும் உழைப்பாளிதான். வீடு வீடாக மாத்திரை கொண்டுபோன பெண்களுக்கோ தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய். கூலி என்று சொன்னால் சட்டம் கேட்கும் என்று ‘ஊக்கத்தொகை’ என்றார்கள். தொழிலாளி என்று சொன்னால் சங்கம் கேட்கும் என்று ‘தன்னார்வலர்’ என்றார்கள்.

மீதி நாட்களில் புரட்டிப் போடுவதும், மலம் அள்ளுவதும், கை கால் பிடிப்பதும் யார்? வீட்டிலிருக்கும் பெண். அதற்காக அவள் களையெடுக்கப் போவதை நிறுத்துகிறாள். ஒருவர் விழுந்தார், இரண்டு கூலி போயிற்று. பிறகு கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கிறான்.

உதவித்தொகை வாங்கலாமே என்றால், முதலில் சான்றிதழ்! 40 சதவீத ஊனம் என்று மருத்துவக் குழு எழுத வேண்டும். எழுந்திருக்க முடியாதவரை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும். எந்த மனுவை எங்கே கொடுப்பது, அவர் செய்யக்கூடிய மாற்று வேலை என்ன, குடும்பத்தின் கடனுக்கு வழி என்ன என்று கூட நிற்க ஒரு சமூகப் பணியாளர் வேண்டாமா? அவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிகளில் பார்க்கிறோம். நம் தெருவில் பார்த்ததில்லை.

2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மறுவாழ்வு சர்க்காரின் கடமை என்கிறது. ஆனால் 27ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: தன் பொருளாதாரச் சக்திக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டுச் செய்தால் போதுமாம்! அந்தச் சக்தியின் லட்சணத்தைக் கேளுங்கள். 80 சதவீதம் ஊனமுற்ற ஏழைக்கு மத்திய சர்க்காரின் பங்கு மாதம் 300 ரூபாய், அதாவது நாளுக்குப் பத்து ரூபாய். அது 2012இல் நிர்ணயித்த தொகை. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது சக்கர நாற்காலிமேல் 5 சதவீத வரி போட்டார்கள். 2019இல் கம்பெனிகளின் வருமான வரியை 22 சதவீதமாகக் குறைத்தார்கள். நடக்க முடியாதவனிடம் வாங்கச் சக்தி இருக்கிறது; முதலாளியிடம் வாங்கத்தான் சக்தியில்லை!

ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் நிரந்தரச் சம்பளத்தில் ஒரு இயன்முறை மருத்துவரும் ஒரு சமூகப் பணியாளரும் வேண்டும். வீடு தேடிப் போகும் பெண்கள் ஊழியர்களாக வேண்டும். காண்ட்ராக்டர் மாறினாலும் தொழிலாளியின் ஈ.எஸ்.ஐ. உரிமை அறுபடக்கூடாது. மே 1 கிராம சபைக்குப் போகும் தோழர்கள் அதற்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். தெருத் தெருவாகப் போய், படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை பேர், இயன்முறை மருத்துவர் கடைசியாக வந்த தேதி எது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நோட்டைச் சபையில் உரக்கப் படித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.