வீட்டு பிளான் போட ஆட்டோகேட்தான் வேணுமா? குறைந்த விலை மென்பொருள் போதுமா? முழு விவரம்

தா.பழூர், ஜெயங்கொண்டம் பக்கம் வீடு கட்ட நினைப்பவர்கள் மேஸ்திரியைப் பார்த்த கையோடு போய் நிற்கும் இடம், பிளான் போடும் ஆபீஸ். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், டிப்ளமோ சிவில் படித்த ஒருவர். பல ஊர்களில் இதுதான் மொத்த ஆபீஸும். அந்தக் கம்ப்யூட்டரில் எந்த மென்பொருள் இருக்க வேண்டும் என்பதுதான் இப்போதைய கேள்வி.

இப்போது ஏன் இந்தக் கேள்வி?

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே உடனடி அனுமதி பெறலாம். தரைத்தளம், அல்லது தரைத்தளத்துடன் முதல் தளம் வரை இது பொருந்தும். கிராமத்தில் கட்டப்படும் சாதாரண வீடுகள் பெரும்பாலும் இந்த அளவுக்குள் வந்துவிடும். அனுமதிக்கும் சரி, வங்கிக் கடனுக்கும் சரி, அளவு பிசகாத வரைபடம் வேண்டும். அதாவது சின்ன ஆபீஸ்களுக்கும் வேலை இருக்கிறது. ஆனால் மென்பொருளின் விலைதான் இடிக்கிறது.

விலை எவ்வளவு வித்தியாசம்?

ஆட்டோகேட் 1982-ல் வந்தது. அமெரிக்காவின் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் தயாரிப்பு. 2016-ல் அந்த நிறுவனம் ஒரே முறை பணம் கட்டி வாங்கும் நிரந்தர உரிமத்தைப் புதிதாக விற்பதை நிறுத்தியது. அதன்பிறகு சந்தா மட்டும்தான். அமெரிக்க விலையில் முழு ஆட்டோகேட்டுக்கு ஆண்டுக்கு சுமார் 2,000 டாலர். அதன் சிறிய பதிப்பான ஆட்டோகேட் எல்.டி.க்கு சுமார் 500 டாலர். கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. இந்திய விலை இதிலிருந்து மாறும், 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும்.

இன்னொரு பக்கம் சீனாவின் இசட்.டபிள்யூ.கேட், ஜிஸ்டார்கேட், பெல்ஜியத்தின் பிரிக்ஸ்கேட் போன்றவை இருக்கின்றன. இவற்றில் ஒரே முறை பணம் கட்டும் உரிமமும் கிடைக்கிறது. லிப்ரேகேட், ஃப்ரீகேட் இரண்டும் முழுக்க இலவசம்.

குறைந்த விலையில் என்ன கிடைக்கும்?

வீட்டு பிளானுக்குத் தேவையானது சுவர், கதவு, ஜன்னல், படிக்கட்டு, அளவுக்கோடு. எல்லாமே 2டி வேலை. இதை ஆட்டோகேட் எல்.டி.யும் செய்யும், இசட்.டபிள்யூ.கேட்டும் செய்யும். கட்டளைகள்கூட பெரும்பாலும் ஒன்றுதான். 'எல்' தட்டினால் கோடு, 'டிஆர்' தட்டினால் டிரிம். பழகிய கைக்கு இரண்டு நாளில் பிடிபட்டுவிடும்.

எங்கே இடிக்கும்?

ஃபைல் கைமாறும்போதுதான். ஆட்டோகேட் ஃபைல்கள் டி.டபிள்யூ.ஜி. வடிவத்தில் இருக்கும். அது ஆட்டோடெஸ்க்கின் சொந்த வடிவம். மற்ற நிறுவனங்கள் அதைத் தாங்களே ஆராய்ந்து படிக்கின்றன. அதனால் சில நேரம் எழுத்து கேள்விக்குறியாக மாறும், ஹாட்ச் விட்டுப்போகும். லிப்ரேகேட்டில் டி.டபிள்யூ.ஜி. ஆதரவு இன்னும் அரைகுறைதான். அதில் டி.எக்ஸ்.எஃப். வடிவமே பாதுகாப்பு.

3டி என்று வந்தால் எல்.டி. கைவிரித்துவிடும். தொழிற்சாலை, பெரிய வணிகக் கட்டடம், வேறு நிறுவனங்களோடு சேர்ந்து செய்யும் வேலை என்றால் முழு ஆட்டோகேட், ரெவிட் போன்றவற்றின் செலவு நியாயமானதே.

இலவசத்தை நம்பி உட்காரவும் முடியாது. ஒரு காலத்தில் இலவசமாகக் கிடைத்த டிராஃப்ட்சைட் 2019 இறுதியோடு கட்டண மென்பொருளாகிவிட்டது.

'கிராக்' பதிப்பு போட்டால்?

பலரும் பேசத் தயங்கும் விஷயம் இது. திருட்டுப் பதிப்பு எனத் தெரிந்தே பயன்படுத்தினால், 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தொழிலுக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் மட்டும் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். காசு வாங்கி பிளான் போடுபவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது. கல்லூரியில் கிடைத்த இலவச மாணவர் உரிமத்தையும் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. இதோடு, கிராக் ஃபைல் வழியாக வரும் வைரஸ் மொத்த வரைபடங்களையும் முடக்கிவிடும் ஆபத்தும் உண்டு.

அப்போ யாருக்கு எது?

* வீட்டு பிளான் மட்டும் போடுபவர்: எல்.டி. அல்லது நிரந்தர உரிமம் உள்ள குறைந்த விலை மென்பொருள்.
* 3டி, பெரிய புராஜெக்ட்: முழு ஆட்டோகேட்.
* கற்றுக்கொள்ளும் மாணவர்: மாணவர் உரிமம், லிப்ரேகேட்.

பணம் கட்டும் முன் சோதனைப் பதிப்பை இறக்கி, பழைய வரைபடங்கள் நாலைந்தைத் திறந்து, அளவு மாறாமல் பிரிண்ட் வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

வீடு கட்டுபவர்கள் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. பிளான் வாங்கும்போது காகிதத்தோடு பிடிஎஃப், டி.டபிள்யூ.ஜி. ஃபைல் இரண்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பத்து வருஷம் கழித்து மாடி எடுக்கும்போது வேறு இன்ஜினியரிடம் போனாலும், முதலிலிருந்து வரைய மறுபடி காசு கொடுக்க வேண்டியிருக்காது.