கழுத்தில் ஒரு கட்டி

1924 ஜூனில் எவரெஸ்டிலிருந்து இறங்கும்போது சோமர்வெல்லின் தொண்டை அடைத்துக்கொண்டது. மூச்சும் இல்லை, கூப்பிடக் குரலும் இல்லை. பனியில் உட்கார்ந்து, இரு கையாலும் நெஞ்சை அழுத்தி அடைப்பை வெளியே துப்பிய பிறகுதான் உயிர் திரும்பியது. நம் நெய்யூர் மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் அறுவை செய்த டாக்டர் அவர்தான்.

கழுத்தில் நீர்க்கட்டியோடு பிறக்கும் பிள்ளைக்கு நெஞ்சை அழுத்தத் தெரியாது. இந்தக் கட்டிகளில் பல தொந்தரவு தராதவைதான். ஆனால் கிருமி புகுந்தால் சட்டென்று வீங்கும். நாக்கின் அடியில் இருந்தால் வெளியே தெரியாமலே மூச்சை நெரிக்கும். இழுக்கும் மூச்சில் கீச்சொலி, விலாவுக்கடியில் விழும் குழி, பால் குடிக்கையில் திணறல். இதையெல்லாம் 'சளிதான்' என்று தைலம் தேய்த்துக் காத்திருக்கிறார்களே, பதறுகிறது. அந்த நேரத்தில் 108-ஐ அழையுங்கள்.

கீறி நீரை வடித்தாலும் கட்டி மறுபடி நிரம்பும். கழுத்தின் நடுவில் வரும் தைராய்டு நாளக் கட்டியை நாவெலும்பின் நடுத்துண்டோடு சேர்த்தே எடுக்க வேண்டும். குழந்தை அறுவை நிபுணரின் வேலை அது. தடுப்பூசி நாளன்று செவிலியர் பிள்ளையின் கழுத்தையும் இரண்டு விரலால் தடவிப் பார்க்கட்டும். அரை நிமிடம்கூட ஆகாது.